ஃப்ளெக்ஸ் பேனரின் பின்பக்கம்

எங்கள் ஊர் முக்கத்தில் வருஷத்துக்கு நாலைந்து தடவையாவது ஒரு பெண்பிள்ளையின் முகம் பத்தடி உயரத்துக்கு நிற்கும். மஞ்சள் நீராட்டு விழா ஃப்ளெக்ஸ். பன்னிரண்டு, பதிமூன்று வயசுப் பிள்ளை, கம்ப்யூட்டரில் வெளுக்க வைத்த முகம், ஒரு பக்கம் மயில், ஒரு பக்கம் கூலிங்கிளாஸ் போட்ட தாய்மாமன்கள், மேலே கட்சித் தலைவர்கள், கீழே பொடி எழுத்தில் நாற்பது பெயர். பஸ்ஸில் போகிறவர்கூட இன்னார் மகள் வயசுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டு போவார். அந்தப் பிள்ளைக்குத்தான் தன் உடம்பில் என்ன நடந்தது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பச்சை முட்டை கொடுத்திருப்பார்கள், நல்லெண்ணெய் குடிக்க வைத்திருப்பார்கள், உளுந்தங்களி கிண்டிக் கொடுத்திருப்பார்கள், "இனிமே ஆம்பளப் பிள்ளைங்களோட நின்னு பேசாத" என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

விழா முடிந்ததும் அந்த ஃப்ளெக்ஸ் எங்கே போகும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். மாட்டுக் கொட்டகைக் கூரை மேல் போகும், இல்லாவிட்டால் களத்தில் நெல்லை மூடப் போகும். போன கோடையில் அப்படி ஒன்றை நான் கேட்டு வாங்கி வந்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

நான் இருப்பது மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவே, கோரையாற்றுப் பக்கம். 2021 கடைசியில் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது தன்னார்வலராகச் சேர்ந்தேன். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிவர அக்காமார்கள் வருவார்கள், அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது தினமும் சாயந்திரம் எங்கள் வீட்டு மாடியில் பதினொன்றிலிருந்து பதினாறு வயசு வரை இருபது பெண்பிள்ளைகளாவது இருப்பார்கள். இவர்களுக்கு உடம்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைத்து முதல் தடவை நான் செய்தது சரியாக வரவில்லை. லேப்டாப்பில் படம் போட்டு, கர்ப்பப்பை, சினைப்பை, சினைமுட்டைக் குழாய் என்று ஒரு மணி நேரம் பேசினேன். ஒருத்தியும் நிமிரவில்லை. கடைசியில் ஒருத்தி மட்டும் "மாட்டுத் தலை மாதிரி இருக்கு அக்கா" என்றாள். கேள்வி ஏதாவது இருக்கா என்று கேட்டேன். இல்லை என்றார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கோயிலுக்குக் கொடுக்க முல்லை தொடுத்துக்கொண்டிருந்தோம். எல்லார் கண்ணும் நாரில் இருக்கிறது. அப்போது முந்தினநாள் வாயே திறக்காத ஒருத்தி, தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "அக்கா, ரத்தம் இவ்ளோ போவுதே, ஒருநாள் எல்லாம் தீந்துபோயி செத்துருவோமா?"

அவளுக்கு வயசு பதினாலு. ஒன்றரை வருஷமாக அந்தப் பயத்தோடே மாசாமாசம் பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். ஒரு தடவைக்குப் போவது சராசரியாக இரண்டு மூன்று மேசைக்கரண்டி அளவுதான், உடம்பு அதைத் திரும்ப உண்டாக்கிக்கொள்ளும், அதற்கு மேல் நிறையப் போனால் நாம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொன்னேன். அதற்குப் பிறகு பூ தொடுத்து முடிகிற வரைக்கும் கேள்விதான். கை சும்மா இருந்தால் வாய் மூடிக்கொள்கிறது, கைக்கு வேலை இருந்தால் வாய் திறக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இதைக் கனடாவில் நர்ஸாக இருக்கும் என் சித்தி மகளிடம் போனில் சொன்னபோது அவள், "இதைத்தான் இங்க வடக்கே ஒரு கூட்டம் பண்ணுது, பாசி மணி கோத்துக்கிட்டே பேசுவாங்க" என்றாள். ஃபாக்ஸி என்று பெயர். இளையோர் மனம் திறந்து வெளிப்படுத்த வழிசெய்வது என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கம் அது. கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் 2012-இல் கேண்டிஸ் லிஸ், நான்சி மெக்நீல் என்ற இரண்டு பெண்கள் தொடங்கியது. லிஸ் அந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர், ஃபோர்ட் ஸ்மித் என்ற ஊர், மெட்டி என்ற பூர்வகுடி மரபைச் சேர்ந்தவர். அந்தப் பிரதேசம் நம் தமிழ்நாட்டைப் போலப் பத்து மடங்கு பெரியது, ஆனால் மொத்த சனமே ஏறக்குறைய 45,000 பேர்தான், மன்னார்குடி டவுனில் அதைவிட அதிகம். 33 ஊர்கள், 11 ஆட்சி மொழிகள். சில ஊர்களுக்கு விமானத்தில்தான் போக முடியும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் போடும் பாதையில்.

படிக்கப் படிக்க எனக்கு அது அந்நிய ஊராகத் தோன்றவில்லை. ஊருக்கு ஒரே கடை, ஒரே மருத்துவ நிலையம், அதில் வேலை பார்ப்பவர் உங்கள் அத்தையாகவோ அத்தையின் சிநேகிதியாகவோ இருப்பார், ஆணுறை வாங்கினால் சாயந்திரத்துக்குள் ஊருக்கே தெரியும். நம் மெடிக்கல் கடையில் நாப்கினைப் பேப்பரில் சுற்றி, அப்புறம் கருப்புக் கவரில் போட்டு, அப்பாவின் சிநேகிதரான கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் வாங்கிவருகிற பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம். அங்கே பால்வினை நோய்கள் கனடாவின் சராசரியைவிடப் பல மடங்கு அதிகம், 2019-இல் சிஃபிலிஸ் பரவுகிறது என்று அந்தப் பிரதேச அரசே அறிவித்தது. தெற்கேயிருந்து அச்சடித்து வந்த பாடப்புத்தகமும் ஒரு நாள் வந்து பேசிவிட்டுப் போகும் நிபுணரும் அங்கே எடுபடவில்லை. எடுபடாததற்குப் பெரிய காரணம் இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய் தகப்பனிடமிருந்து பிடுங்கி உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, அவர்கள் மொழியையும் உடம்பையும் பற்றி வெட்கப்பட வைத்தார்கள், நிறையப் பிள்ளைகள் அங்கே பாலியல் கொடுமைக்கும் ஆளானார்கள். அந்தப் பள்ளிகளில் கடைசியாக இருந்தவை 1990-களில்தான் மூடின. அந்தச் சனத்திடம் போய் உடம்பைப் பற்றி வெளியாள் வகுப்பெடுத்தால் எப்படிக் காது கொடுப்பார்கள்?

அதனால் ஃபாக்ஸிக்காரர்கள் நாடகம், புகைப்படம், மணி கோத்தல், உடல் வரைபடம் என்று போனார்கள். ஊருக்கு வெளியே முகாம் போட்டு, மூத்தவர்களையும் கூட வைத்துக்கொண்டு, வருகிற பிள்ளைகளையே அடுத்த பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தலைவிகளாகப் பழக்கினார்கள். 2014-இல் ஆர்க்டிக் இன்ஸ்பிரேஷன் பரிசு, பத்து லட்சம் டாலர் முழுவதும், இவர்களுக்குக் கிடைத்தது. அப்புறம் ஆண்பிள்ளைகளுக்கு என்று ஸ்மாஷ் என்ற பெயரில் தனியாக ஒன்று.

உடல் வரைபடம் என்பது இவர்கள் கண்டுபிடித்ததில்லை. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுனை ஒட்டிய காயெலிட்சாவில், எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த பெண்கள் 2002 வாக்கில் செய்தது பேர்பெற்றது. ஆளுயரத் தாளில் படுக்க வேண்டும், இன்னொருவர் சுற்றி வரைவார், அதற்குள் தன் உடம்பின் கதையை அவளவள் வரைந்துகொள்வாள். எங்களிடம் ஆளுயரத் தாள் இல்லை. ஃப்ளெக்ஸ் இருந்தது, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று.

மாடியில் விரித்தோம். முன்பக்கம் இருந்த பிள்ளையின் முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது. அந்தப் பிள்ளையே எங்களோடு உட்கார்ந்திருந்தாள், அவளைக் கேட்டுத்தான் எடுத்து வந்திருந்தேன்.

தொடங்கும் முன் ஒன்று சொன்னேன், இப்படிச் செய்ய நினைக்கிற எல்லாரும் சொல்ல வேண்டியது. "நீங்க இங்க பேசுறத நான் ஊர்ல போயிச் சொல்ல மாட்டேன். ஆனா யாராவது உங்களத் தப்பாத் தொட்டிருந்தா அத மட்டும் என்னால மூடி வைக்க முடியாது." போக்சோ சட்டம் 2012-இல் வந்தது, பதினெட்டு வயசுக்குக் கீழே யாருக்கு நடந்தாலும் தெரிந்தவர் தகவல் கொடுத்தே ஆக வேண்டும். ரகசியம் காப்பேன் என்று பொய் வாக்குக் கொடுத்து ஒரு பிள்ளையைப் பேச வைப்பது துரோகம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை முதலில் எல்லார் நோட்டிலும் எழுத வைத்தேன்.

யார் யாரை வரைவது என்று ஜோடி சேர்ந்தார்கள். எங்கள் மாடிக்கு இரண்டு தெருப் பிள்ளைகளும் வருவார்கள், டெல்டாவில் இரண்டு தெரு என்றால் என்ன என்று நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கும்போது பக்கத்தில் உட்காருவார்கள், சிரித்துப் பேசுவார்கள். ஆனால் ஒருத்தி படுக்க, இன்னொருத்தி கரித்துண்டைப் பிடித்துக்கொண்டு அவள் கக்கத்தை ஒட்டி, இடுப்பை ஒட்டி, கால் இடுக்கு வரை கையைக் கொண்டுபோக வேண்டும். அங்கே ஒருத்தியின் கை நின்றுவிட்டது. படுத்திருந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். யாருக்கும் எதுவும் புரியாமல் இல்லை. நான் ஒன்றும் பேசவில்லை, பேசியிருக்க வேண்டுமோ என்று இன்னும் யோசிக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து கரி மறுபடி நகர்ந்தது. அந்த இடத்தில் மட்டும் கோடு தடித்துக் கிடக்கிறது. கனடாவின் வடக்கில் உடம்பின் மேல் உறைவிடப் பள்ளியின் தழும்பு என்றால், இங்கே பெண் உடம்பைச் சாதியின் வேலி என்று நினைத்துத்தான் இத்தனை காவல், இத்தனை ஃப்ளெக்ஸ், இத்தனை வாய்ப்பூட்டு. இதைத் தொடாமல் நம் ஊரில் பாலியல் கல்வி என்று பேசுவது பாதி வேலை.

அப்புறம் வர்ணம். "அக்கா, ஸ்கின் கலர் எங்க?" என்று கேட்டார்கள். கிரேயான் டப்பாவில் ஸ்கின் கலர் என்று இவர்கள் சொல்வது ஒரு வெளிர் ரோஸ். அதைக் கையில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒருத்தர் தோலும் அது இல்லை. அப்படியானால் உங்கள் நிறத்தை நீங்களே தேடுங்கள் என்றேன். செங்கல்லை நுணுக்கினார்கள், வாய்க்காலில் இறங்கி வண்டல் அள்ளி வந்தார்கள், அடுப்புக்கரி, காபித்தூள் டிக்காஷன்கூட. ஃபெவிக்கால் கலந்து குழைத்தால் ஃப்ளெக்ஸில் நன்றாக ஒட்டுகிறது, கிரேயான் வழுக்கிவிடும். காய்ந்ததும் வண்டல் வெடித்து, கோடை வயல் மாதிரி பாளம் பாளமாக ஆனது. "என் வயிறு நெல்லு அறுத்த வயலாட்டம் இருக்கு" என்று ஒருத்தி அதைத் தடவித் தடவிப் பார்த்தாள். முகத்துக்கு க்ரீம் வாங்கித் தரச்சொல்லி வீட்டில் அழுகிற பிள்ளை அவள்.

எல்லாம் வரைந்தார்கள். நெஞ்சில் தம்பி, கையில் மருதாணி, தொண்டையில் பூட்டு, முதுகில் அப்பா அடித்த இடம். ஆனால் எல்லாப் படத்திலும் தொப்புளுக்குக் கீழே முழங்கால் வரைக்கும் வெள்ளை. யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. எட்டு உடம்பு, எட்டு வெள்ளை.

அந்த இடத்துக்கு எங்களிடம் சொல்லே இல்லை. ஊரில் இருக்கிற சொல்லெல்லாம் கெட்ட வார்த்தை, புத்தகத்தில் இருப்பது பிறப்புறுப்பு, வீட்டில் "அங்க", "அந்த எடம்". பழைய பாட்டுகளில் அந்தப் பகுதியை அல்குல் என்று கூசாமல் எழுதிய மொழி இது, பொருள் பற்றிப் புலவர்கள் இன்னும் சண்டை போட்டாலும். ஒரு பிள்ளைக்கு அங்கே அரித்தாலோ வலித்தாலோ யாராவது தொட்டாலோ எந்தச் சொல்லை வைத்துச் சொல்லுவாள்? அன்றைக்கு நாங்கள் பிறப்புறுப்பு, யோனி, மார்பு என்று சத்தமாகச் சொல்லிப் பழகினோம். முதலில் சிரிப்பு, அப்புறம் கும்மிக்குக் கை தட்டுகிற தாளத்தில் சொன்னார்கள், பத்தாவது தடவையில் மூக்கு, முழங்கால் மாதிரி அதுவும் ஒரு சொல்லாகிவிட்டது. தெருவில் கேட்டிருக்கிறது.

அடுத்த நாள் ஒரு அம்மா படியேறி வந்தார். "பிள்ளைங்களக் கெடுக்கிறியாமே" என்றுதான் ஆரம்பித்தார். பின்னாலேயே இன்னும் மூன்று பேர், அவர்களோடு ஒரு அப்பாயி. நான் வாதாடவில்லை, படத்தை விரித்துக் காட்டினேன். அம்மாக்கள் தங்கள் பிள்ளை எது என்று தேடினார்கள். அப்பாயி குனிந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஓரத்தில் காலி இடம் இருக்கவும், "என்னையும் வரைங்கடி" என்று சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு படுத்துவிட்டார்.

பேத்தி வரைந்தாள். எழுபது வயசுக்கு மேல் இருக்கும், நடவு நட்டே காலம் போனவர். எழுந்து உட்கார்ந்து வண்டலை வாங்கி முதலில் பாதத்தைத்தான் பூசினார், முழுக் கருப்பாக, விரல் இடுக்கில் செங்கல் தூள் வைத்தார், சேற்றுப்புண். வயிற்றில் ஏழு கோடு. இரண்டு கோட்டைக் குறுக்கே கிழித்தார். அதற்குக் கீழே ஒரு புள்ளி, "இங்கதான் ஆபரேசன் பண்ணானுவ." அப்புறம் எட்டு பிள்ளைகள் வெள்ளையாக விட்ட இடத்தில் கையை வைத்துக்கொண்டு, நடவு நாளில் காலையிலிருந்து தண்ணிக்குள் நிற்பதையும், தூரத்துணியை மாற்ற மறைவு இல்லாமல் ஈரத்துணியோடே நட்டதையும், தொடை புண்ணாகி வெள்ளைப்பட்டு நாற்றம் வந்ததையும், யாரிடமும் சொல்லாமல் வேப்பிலைத் தண்ணியில் கழுவியதையும், கடைசிப் பிள்ளைக்குப் பிறகு அடி இறங்கிப்போய், அதாவது கர்ப்பப்பை கீழிறங்கிப்போய், இருபது வருஷம் அப்படியே வேலை செய்ததையும் சொன்னார். சண்டைக்கு வந்த அம்மா அவருடைய மருமகள்தான். அவருக்கே இது தெரியாது. அவர் உட்கார்ந்துவிட்டார்.

மூத்தவர்களைக் கூட வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று ஃபாக்ஸியைப் பற்றிப் படித்தபோது மரியாதைக்காக என்றுதான் நினைத்தேன். எங்கள் பாடத்தின் பாதி அந்த அப்பாயியிடம் இருந்தது.

கஜா புயலைப் பற்றியும் அன்றைக்குப் பேச்சு வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை. பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், அப்போதுதான் வயசுக்கு வந்திருந்த ஒரு பிள்ளையைத் தீட்டென்று வீட்டை ஒட்டிய தனிக்குடிசையில் படுக்க வைத்திருந்தார்கள், அந்தக் காற்றில் தென்னை சாய்ந்து குடிசை மேல் விழுந்து பிள்ளை போய்விட்டது. எங்கள் பிள்ளைகளில் நாலு பேர் அந்த வருஷத்துக்குப் பிறகும் ஓலைக்குடிசையில் படுத்தவர்கள். மழைக்காலத்திலும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக் கலைக்குழு தப்படித்து நாடகம் போட்டது நினைவிருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதன்முதல் கண்டுபிடித்ததே 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. அப்புறம் வந்த புள்ளிராஜா விளம்பரத்தை நம் தலைமுறை மறக்காது. நாங்கள் பார்த்த நாடகத்தில் கடைசியில் ஒருவர் எலும்புக்கூடு முகமூடி போட்டுக்கொண்டு வருவார். கலை இருந்தது, ஆனால் பயமுறுத்தத்தான் இருந்தது. பார்க்கிறவர் வாய் திறக்க அதில் இடமே இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் நம்பிக்கை மையம் என்று அழகான பெயரில் ஒன்று இருந்தும் அந்தப் பக்கம் போகவே கூசுகிறோம் என்றால் அந்த முகமூடிக்கும் அதில் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பிள்ளைகளின் அண்ணன் தம்பிகள் மாடிப்படியில் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு என்னால் ஆகாது. தஞ்சாவூரில் பழகி வந்த தப்பாட்டக்காரத் தம்பி ஒருவர், பி.எட். முடித்தவர், சனிக்கிழமை பொறுப்பேற்றுக்கொண்டார். நாடகம் போடுங்கள், உங்களுக்குத் தெரிந்த டாக்டரை நடியுங்கள் என்று விட்டிருக்கிறார். ஒன்பது பேரில் ஒன்பது பேரும் நடித்தது ராத்திரி டிவியில் வரும் லாட்ஜ் வைத்தியரை. கையை ஆட்டி, "வாலிப வயோதிக அன்பர்களே" என்று ஆரம்பித்து, பழைய பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிடும் என்று மிரட்டுவது வரைக்கும் ஒரு வரி விடாமல் மனப்பாடம். ஆண்பிள்ளைகளுக்குப் பாலியல் கல்வி கிடைக்கவில்லை என்று யார் சொன்னது, கிடைத்துக்கொண்டேதான் இருக்கிறது, இந்த வாத்தியாரிடமிருந்து. ஒரு பையன் அறுவடைக்கூலியில் மூவாயிரம் கொடுத்து லேகியம் வாங்கியிருக்கிறான். நாடகம் முடிந்து ஹார்லிக்ஸ் டப்பாவில் சீட்டு எழுதிப் போடச் சொன்னார் தம்பி. அதில் ஒன்று: "தூக்கத்தில் வெளியாகிறது, ரத்தம் எல்லாம் தீர்ந்து செத்துவிடுவேனா?"

பூ தொடுக்கும்போது அந்தப் பிள்ளை கேட்ட அதே கேள்வி. ஒரே தெரு, நாலு வீடு தள்ளி.

இல்லை தம்பி, சாக மாட்டாய். அது இந்த வயசில் நிறையப் பையன்களுக்கு வருவது, ரத்தம் விந்தாகிறது என்பது பொய், லேகியம் வேண்டாம். இதை அவனிடம் நேரில் சொல்ல ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் ஒருவர் வருகிற சனிக்கிழமை வருவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். டப்பா அவர் வந்த பிறகு முழுசாகத் திறக்கப்படும்.

பையன்களும் உடம்பு வரைய வேண்டும் என்கிறார்கள். உங்களிடம் பழைய ஃப்ளெக்ஸ் இருந்தால் கொட்டகை மேல் போடுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம். பின்பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். கருப்பில் வண்டல் தெரிவதில்லை.